துறையை விடுங்கள், ஒரு சண்டையைப் பிடியுங்கள்: விமர்சனக் கோட்பாட்டின் நடப்பு ஆய்வுகளைப் பின்தொடர முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்பு, ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரில் பிறந்த சமூகத் தத்துவ மரபான விமர்சனக் கோட்பாடு என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டு, புதிய கட்டுரை வந்தால் மெயில் வரும்படி ஒரு அறிவிப்பு அமைத்துக்கொண்டேன். இனி எதையும் தவறவிட மாட்டோம் என்ற நினைப்பு. முதல் வாரத்திலேயே பெட்டி நிறைந்துவிட்டது. செவிலியர் கல்வி, கட்டடக் கலை, விளம்பரத் துறை என்று ஃப்ராங்க்ஃபர்ட் பக்கம் தலைவைத்தும் படுக்காத கட்டுரைகள். மூன்று மாதம் சேர்த்து வைத்தேன். ஒன்றையும் படிக்கவில்லை. பிறகு மொத்தமாக அழித்தேன்.

தப்பு என்னுடையதுதான். ஒரு துறை முழுவதையும் பின்தொடர நினைத்தேன். அதில் வேலை பார்க்கும் பேராசிரியர்களாலேயே அது முடியாது. ஒரு சண்டையைப் பின்தொடரலாம். யார் யாரோடு மோதுகிறார்கள், எதற்காக, இப்போது எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்தால் போதும். அந்தச் சண்டையின் வழியாகவே துறையின் மற்ற மூலைகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

இதற்குப் பல்கலைக்கழக வேலை தேவையில்லை, ஜெர்மன் மொழியும் தேவையில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலக் கட்டுரை வாசிக்கும் பொறுமை, வாரத்துக்கு நாலைந்து மணி நேரம், ஒரு நீள நோட்டு. இவ்வளவுதான்.

தொடங்கும் முன்: இந்த உலகத்தின் வேகம்

நாளிதழ் வாசித்துப் பழகியவர்களுக்கு முதலில் இடறுவது இதுதான். இங்கே 'நடப்பு' என்றால் நேற்று என்று அர்த்தமில்லை. கடந்த பத்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் தத்துவவாதி யூர்கன் ஹாபர்மாஸ், மக்கள் பொது விஷயங்களை விவாதிக்கும் வெளியான பொதுக்களம் பற்றி எழுதிய நூல் ஜெர்மனில் 1962-ல் வந்தது. ஆங்கிலத்தில் வந்தது 1989-ல். இருபத்தேழு வருடம். ஆங்கில உலகில் பலர் அதைப் புதிய நூலாக எடுத்துக்கொண்டு சண்டை போட்டபோது, ஜெர்மனியில் ஒரு தலைமுறையே அதைப் படித்து வளர்ந்திருந்தது. இப்போது இடைவெளி குறைந்திருக்கிறது. அடுத்த தலைமுறைத் தத்துவவாதி ராஹெல் யேகி வாழ்க்கை வடிவங்களின் விமர்சனம் பற்றி எழுதிய நூல் ஜெர்மனில் 2014, ஆங்கிலத்தில் 2018. ஆனாலும் நாலு வருடம் நாலு வருடம்தானே.

ஒரு வாதம் பிறக்கும் வழியும் நீளமானது. முதலில் ஒரு சொற்பொழிவு, பிறகு இதழில் கட்டுரை, பிறகு நூல், அப்புறம் அந்த நூலைப் பற்றி நாலு பேர் எழுதும் விவாதத் தொகுப்பு, கடைசியில் நூலாசிரியரின் பதில். அமெரிக்கத் தத்துவவாதி நான்சி ஃப்ரேசர் 1996-ல் ஸ்டான்ஃபோர்டில் ஆற்றிய சொற்பொழிவுகள் அவரும் ஜெர்மன் தத்துவவாதி ஆக்சல் ஹொனெத்தும் சேர்ந்து எழுதிய விவாத நூலாக வெளிவந்தது 2003-ல்.

ஆகவே தினமும் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மாதம் ஒருமுறை பார்த்தால் எதுவும் ஓடிப்போகாது. இது எனக்குப் புரிந்த அன்றைக்குப் பாதிப் பதற்றம் போய்விட்டது.

முதல் படி: சண்டையைத் தேர்ந்தெடுப்பது

நல்ல சண்டை என்று எதைச் சொல்வது? இரண்டு பக்கத்தினரும் பெயர் சொல்லி ஒருவருக்கொருவர் பதில் எழுதியிருக்க வேண்டும். பொதுவாகச் 'சிலர் சொல்கிறார்கள்' என்று காற்றில் வாள் வீசும் கட்டுரைகளிலிருந்து தொடங்கினால் திசை தெரியாது. அடுத்து, அதன் கேள்வியை உங்கள் தெருவில் நின்று கேட்க முடிய வேண்டும். மூன்றாவது, அது இன்னும் முடியாமல் இருக்க வேண்டும்.

இந்த மூன்றும் பொருந்தும் ஒன்றையே இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நீதி என்பது செல்வத்தையும் வாய்ப்பையும் பங்கிட்டுக் கொடுப்பதா, அல்லது மனிதரை மனிதராக மதிப்பதா? ஆய்வு மொழியில் சொன்னால், மறுபங்கீடா, அங்கீகாரமா?

இது எங்கிருந்து வருகிறது என்று இரண்டு வரி. ஃப்ராங்க்ஃபர்ட்டில் சமூக ஆய்வு நிறுவனம் 1923-ல் தொடங்கப்பட்டது. பணம் கொடுத்தது அர்ஜென்டினாவில் தானிய வியாபாரம் செய்து சம்பாதித்த ஒரு குடும்பம். முதலாளித்துவத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்த நிறுவனத்துக்கு மூலதனம் கோதுமை லாபம் என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். மாக்ஸ் ஹோர்க்ஹைமர் அதன் இயக்குநரானார். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் நிறுவனம் ஜெர்மனியை விட்டு வெளியேறி, 1934-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒதுங்கியது. 1937-ல் ஹோர்க்ஹைமர் எழுதிய கட்டுரையில்தான் 'விமர்சனக் கோட்பாடு' என்ற பெயர் நிலைபெற்றது. உலகத்தை விளக்குவதோடு நிற்காமல், மனிதரைக் கட்டிவைத்திருப்பது எது என்று கேட்டு அதைத் தளர்த்த உதவும் கோட்பாடு என்பது அதன் சாரம். ஹோர்க்ஹைமரின் சகா அடோர்னோ, பிறகு ஹாபர்மாஸ், பிறகு 2001 முதல் 2018 வரை அந்த நிறுவனத்தை நடத்திய ஹொனெத் என்று வரிசை நீள்கிறது. நியூயார்க்கில் இருக்கும் ஃப்ரேசர் இந்த மரபுக்குள்ளே நின்றுகொண்டே அதனோடு மோதுபவர்.

அரசியல் தத்துவத்தின் பக்கம் சாய்பவர்கள் வேறொரு சண்டையை எடுக்கலாம். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971-ல் நீதி பற்றி எழுதிய நூல், குறைகளற்ற ஒரு சமூகத்தைக் கற்பனை செய்து அதிலிருந்து நீதியின் விதிகளைப் பெற்றது. அநீதியில் பிறந்த சமூகத்துக்கு இந்தக் கற்பனை எதற்கு உதவும், அநீதியை மறைக்கத்தானே உதவும் என்று இனம் பற்றி எழுதிய தத்துவவாதி சார்ல்ஸ் மில்ஸ் 2005-ல் ஒரு கட்டுரையில் அடித்துக் கேட்டார். அந்த வழியும் நல்ல வழி. படிகள் எல்லாம் அதற்கும் அப்படியே பொருந்தும்.

இரண்டாம் படி: பின்னோக்கிப் போவது

புதிய கட்டுரையிலிருந்து தொடங்காதீர்கள். அது கல்யாண வீட்டுக்குக் கடைசிப் பந்தியில் போய் உட்காருவது போல. யார் யாருக்குச் சொந்தம், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் தெரியாமல் இலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதல் இடம் ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம். 1995-லிருந்து இணையத்தில் இருக்கிறது, இலவசம். ஒவ்வொரு பதிவையும் அந்தத் துறையிலேயே வேலை செய்பவர் எழுதுகிறார். பதிவின் தலையில் முதலில் வெளியான தேதி இருக்கும், கணிசமாகத் திருத்தப்பட்டிருந்தால் அந்தத் தேதியும் இருக்கும். திருத்திய தேதி பதினைந்து வருடம் பழையது என்றால் சற்று எச்சரிக்கையாக வாசியுங்கள்.

இங்கே பலரும் பயன்படுத்தாத ஒரு வித்தை உண்டு. இந்தக் கலைக்களஞ்சியம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன்னையே முழுதாகப் பிரதியெடுத்து ஆவணமாக வைத்துக்கொள்கிறது. விமர்சனக் கோட்பாடு பற்றிய பழைய பதிவை ஜேம்ஸ் போமன் 2005-ல் எழுதினார். அதற்குப் பதிலாக ராபின் செலிகேட்ஸும் ஜெஃப்ரி ஃப்ளினும் எழுதிய புதிய பதிவு 2023 டிசம்பரில் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். எந்தப் பெயர்கள் சுருங்கின, எந்தக் கேள்விகள் புதிதாக உள்ளே வந்து உட்கார்ந்தன, எதற்கு முழுப் பகுதி கிடைத்தது என்று பென்சிலால் குறியுங்கள். பதினெட்டு வருடத்தில் ஒரு துறை எங்கே நகர்ந்தது என்பதை இதைவிடச் சுலபமாகக் காட்டும் வழி எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

பதிவின் கீழே இருக்கும் நூற்பட்டியலை மேலிருந்து கீழே வாசிக்க வேண்டாம். பதிவுக்குள் எந்தக் கட்டுரை திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் பாருங்கள். நம் உதாரணத்தில் அது 1995-ல் நியூ லெஃப்ட் ரிவ்யூ இதழில் ஃப்ரேசர் எழுதிய கட்டுரை. சண்டையின் முதல் கல் அதுதான்.

சண்டையைச் சொல்லிப் பார்ப்பது

அடிப்படைக் கட்டுரைகளை வாசித்த பிறகு, ஊர்க்கதை சொல்வது போலச் சண்டையை ஒரு பக்கத்தில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். நான் எழுதி வைத்திருக்கும் பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கிறது:

சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, வர்க்கம் பற்றிய பேச்சு மெலிந்து, அடையாளம் பற்றிய பேச்சு பெருத்துவிட்டது என்று ஃப்ரேசர் கவலைப்படுகிறார். அநீதியில் இரண்டு வகை உண்டு, ஒன்றை இன்னொன்றாகக் கரைக்க முடியாது என்கிறார். சுரண்டல் ஒன்று. இழிவுபடுத்தல் இன்னொன்று. முதலாவதற்கு மருந்து மறுபங்கீடு, இரண்டாவதற்கு அங்கீகாரம். பாலினமும் இனமும் இரண்டிலும் கால் வைத்திருப்பவை, அதனால்தான் அங்கே மருந்துகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன.

உடனே அடி விழுகிறது. 1997-ல் பெண்ணியத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங், இந்த இரட்டைப் பிரிவே செயற்கை, போராடுகிறவர்கள் யாரும் இப்படிக் கோடு போட்டுக்கொண்டு போராடுவதில்லை என்கிறார். பாலினம் பற்றி எழுதும் தத்துவவாதி ஜூடித் பட்லர், தன்பாலின ஈர்ப்பாளர்களின் போராட்டத்தை வெறும் பண்பாட்டுப் பிரச்சினை என்று ஒதுக்குகிறீர்களா என்று கேட்கிறார். குடும்பம் எப்படி அமைய வேண்டும் என்று கட்டளையிடுவதே பொருளாதாரத்தின் அடித்தளத்தில் ஒரு பகுதி என்பது அவர் வாதம். ஃப்ரேசர் பதில் எழுதுகிறார்.

ஹொனெத் வேறு திசையிலிருந்து வருகிறார். கூலிச் சண்டை கூடக் கடைசியில் அங்கீகாரச் சண்டைதான் என்கிறார். சம்பளம் என்பது என் உழைப்பைச் சமூகம் எவ்வளவுக்கு மதிக்கிறது என்பதன் அளவு. ஆகவே இரண்டு தூண் வேண்டாம், ஒரு தூண் போதும்.

2003 நூலில் ஃப்ரேசர் இரண்டு மனிதர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஒருவர் வால் ஸ்ட்ரீட்டில் வேலை செய்யும் கறுப்பின வங்கியாளர். பணம் இருக்கிறது, பதவி இருக்கிறது, டாக்சி மட்டும் நிற்பதில்லை. இன்னொருவர் திறமையான வெள்ளையினத் தொழிலாளி. யாரும் அவரை இழிவாகப் பார்க்கவில்லை. ஊக வணிகக் கணக்கில் இரண்டு கம்பெனிகள் இணைந்தன, ஆலை மூடப்பட்டது, வேலை போயிற்று. முதலாமவரின் துன்பத்தைப் பங்கீடு விளக்காது. இரண்டாமவரின் துன்பத்தை அங்கீகாரம் விளக்காது. எல்லோரும் சமமாகப் பங்கெடுக்க முடிகிறதா என்பதையே அளவுகோலாக வையுங்கள், அதற்குத் தடை எங்கிருந்து வந்தாலும் அநீதிதான் என்கிறார்.

இந்தப் பக்கத்தை எழுத எனக்கு நாலு மாதம் ஆனது. ஆனால் அதற்குப் பிறகு வாசித்த ஒவ்வொரு புதிய கட்டுரையும் இந்தப் பக்கத்தில் எங்கோ ஓர் இடத்தில் போய்ப் பொருந்தியது. பொருந்தாதவைதான் உண்மையில் புதியவை.

மூன்றாம் படி: முன்னோக்கி நடப்பது

இப்போது நிகழ்காலத்துக்கு வரலாம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் அந்த 1995 கட்டுரையைத் தேடுங்கள். அதன் கீழே, அதை மேற்கோள் காட்டியவை என்று ஓர் இணைப்பு இருக்கும். ஆயிரக்கணக்கில் வரும், பயப்படாதீர்கள். அந்தப் பட்டியலுக்குள் மட்டும் தேடும் வசதி உண்டு. அதில் இன்னொரு பெயரைப் போடுங்கள்: ஹொனெத், சாதி, பராமரிப்பு உழைப்பு, எது வேண்டுமோ அது. ஆண்டை 2018-க்குப் பிறகு என்று குறுக்குங்கள். கடல் குளமாகிவிடும். இந்தக் குறுகிய தேடலுக்கு மெயில் அறிவிப்பு வைத்தால் மாதத்துக்கு ஐந்தாறு கட்டுரை வரும். என் பழைய தவறுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அடுத்தது, சண்டைக்காரர்கள் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பது. இது சுவாரசியமான வேலை, ஏனென்றால் பெரும்பாலும் இடம் மாறியிருப்பார்கள். ஃப்ரேசர் 2005-ல் மூன்றாவது தூணாகப் பிரதிநிதித்துவத்தைச் சேர்த்தார். எல்லைகளைத் தாண்டிப் பாயும் மூலதனத்துக்கு எதிராக யார் எந்த அவையில் முறையிடுவது என்ற கேள்வி அவரை அங்கே தள்ளியது. 2014-லிருந்து முதலாளித்துவம் என்றால் என்ன என்ற கேள்விக்கே திரும்பிவிட்டார். கூலியில்லாத வீட்டுவேலை, இயற்கை, அரசு, பறிமுதல் ஆகியவற்றை உறிஞ்சித்தான் முதலாளித்துவம் நிற்கிறது என்பதை 2022-ல் வந்த நூல்வரை வளர்த்தெடுத்தார். ஹொனெத்தோ 2023-ல் உழைப்பைப் பற்றி முழு நூல் எழுதினார். வேலையிடத்தில் குரலே இல்லாமல் நாளெல்லாம் களைத்துப்போகிற ஒருவர் எப்படி ஜனநாயகத்தில் பங்கெடுப்பார் என்பது அதன் கேள்வி. அங்கீகாரத்துக்காக வாதாடியவர் தொழிற்சாலை வாசலுக்கு வந்து நிற்கிறார். இந்தத் திருப்பத்தைக் கண்ணால் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே ஒரு சண்டையைப் பத்து வருடம் பின்தொடரலாம்.

முன்னோக்கி நடக்கும்போது மூன்று வகை எழுத்துக்கு முன்னுரிமை கொடுங்கள். நூல் விவாதத் தொகுப்புகள் முதலாவது. ஒரு நூலை நாலு பேர் தாக்க, ஆசிரியர் பதில் சொல்வார். கன்டெம்பொரரி பொலிட்டிகல் தியரி இதழ் இதற்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறது. இரண்டாவது நூல் மதிப்புரைகள். நாட்டர்டேம் ஃபிலாசஃபிகல் ரிவ்யூஸ் இணையத்தில் மட்டும், இலவசமாக வருகிறது. அந்த மதிப்புரைகள் முதலில் நூலின் வாதத்தை நேர்மையாகச் சொல்லிவிட்டுத்தான் குறை சொல்ல ஆரம்பிக்கும். நாலாயிரம் ரூபாய் நூலை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய இதைவிட நல்ல இடமில்லை. மூன்றாவது, நேர்காணல்கள். கட்டுரையில் அடக்கி வாசிப்பவர்கள் நேர்காணலில் யார் மேல் கோபம் என்பதைச் சொல்லிவிடுவார்கள்.

நான்காம் படி: எந்த இதழ்கள்

இதில் நேரம் செலவழிக்காதீர்கள். நான்கு போதும். கான்ஸ்டலேஷன்ஸ், 1994-லிருந்து வருகிறது, விமர்சனக் கோட்பாட்டின் முற்றம் மாதிரி. ஃபிலாசஃபி அண்ட் சோஷியல் கிரிட்டிசிசம், 1973-லிருந்து. பொலிட்டிகல் தியரி, அதுவும் 1973. நியூ லெஃப்ட் ரிவ்யூ, 1960-லிருந்து, நடை நன்றாக இருக்கும். இந்த இதழ்களின் பொருளடக்கத்தை மெயிலில் பெறப் பதிவு செய்யலாம், அதற்குச் சந்தா வேண்டாம். தலைப்புகளை மட்டும் வாசித்துப் பழகினாலே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரியும். ரேடிகல் ஃபிலாசஃபி முழுக்கவே இலவசம் என்பதால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அரசியல் தத்துவத்தின் பக்கம் அண்மையில் வீடே இடம் மாறியது தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய முகவரியில் கதவைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் ஃபிலாசஃபி இதழை நிறுவிய ராபர்ட் குடினை 2023-ல் அதன் பதிப்பகம் நீக்கியது. ஆசிரியர் குழுவினர் திரண்டு விலகி, பொலிட்டிகல் ஃபிலாசஃபி என்ற பெயரிலேயே புதிய இதழை 2024-ல் தொடங்கினார்கள். 1971-லிருந்து வந்த ஃபிலாசஃபி அண்ட் பப்ளிக் அஃபேர்ஸ் இதழின் ஆசிரியர்களும் 2024-ல் அதேபோல் வெளியேறி, ஃப்ரீ அண்ட் ஈக்வல் என்ற இதழை அறிவித்தார்கள். புதியவை இரண்டும் ஓப்பன் லைப்ரரி ஆஃப் ஹியுமானிட்டீஸ் என்ற லாபநோக்கற்ற பதிப்பகத்தின் ஆதரவில், வாசகருக்கும் எழுதுபவருக்கும் கட்டணமில்லாதவை. நீதி பற்றி அரை நூற்றாண்டு எழுதிய இதழ்களில் உழைப்பும் லாபமும் யாருக்கு என்ற கேள்வி கடைசியில் வீட்டுக்குள்ளேயே வெடித்தது. நமக்கு அதில் லாபம், கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பெயர் பிரமாண்டமாக இருந்து, வாரத்துக்குள் வெளியிடுகிறோம், இவ்வளவு பணம் கட்டுங்கள் என்று கேட்கும் இதழ்களைக் கண்டால் விலகிவிடுங்கள்.

ஐந்தாம் படி: கட்டுரையைக் கையில் வாங்குவது

ஒரு கட்டுரைக்கு முப்பது நாற்பது டாலர் கேட்கும் பக்கத்தைப் பார்த்து மனம் தளர்ந்து திரும்பியவர்கள் பலர். அந்த விலையை யாரும் கொடுப்பதில்லை, நீங்களும் கொடுக்காதீர்கள்.

இந்தியாவில் அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிப்பவர், பணிபுரிபவர் என்றால் முதலில் உங்கள் நூலகரிடம் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள், மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். மருத்துவம், பொறியியல் துறையினர்தான் இதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். கலைக் கல்லூரி மாணவர்கள் பலருக்கு, தங்கள் லாகினுக்குள் தத்துவ இதழ்களும் இருக்கலாம் என்பதே தெரியாது.

அந்த வசதி இல்லாதவர்களுக்கு: ஆய்வு இதழ்களின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதத்துக்கு 100 கட்டுரைகள் வரை இணையத்திலேயே வாசிக்கலாம். பழைய கட்டுரைகளுக்கு இது போதும். புதியவற்றுக்கு, கூகுள் ஸ்காலரில் தலைப்பின் கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பைத் தட்டிப் பாருங்கள். பல நேரம் ஆசிரியர் வேலை செய்யும் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில், இதழ் ஏற்றுக்கொண்ட கையெழுத்துப் பிரதி இருக்கும். பக்க எண் மட்டும் மாறும். தத்துவக் கட்டுரைகளைப் பட்டியலிடும் ஃபில்பேப்பர்ஸ் தளத்திலும் தேடுங்கள்.

எங்கும் கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கே மெயில் போடுங்கள். நாலு வரி. நான் இன்னார், உங்கள் இந்தக் கட்டுரையை இந்தக் காரணத்துக்காக வாசிக்க விரும்புகிறேன், ஒரு பிரதி கிடைக்குமா? புகழ்ச்சி வேண்டாம். நான் எழுதிய மெயில்களில் பாதிக்கு மேல் பதில் வந்திருக்கிறது, சில இரண்டு மணி நேரத்துக்குள். ஒருவர் கூடவே, இன்னும் வெளிவராத இன்னொரு கட்டுரையையும் இணைத்திருந்தார். தங்கள் கட்டுரையை உண்மையிலேயே வாசிக்கிற ஆள் அவர்களுக்கும் அபூர்வம்தான்.

ஒரு எச்சரிக்கை. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கட்டுரைப் பட்டியல் கேட்டால், இல்லாத கட்டுரைக்கும் தலைப்பு, ஆண்டு, பக்க எண் எல்லாம் கொடுத்துவிடும். ஒவ்வொரு தலைப்பையும் இதழின் தளத்தில் தேடி, இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே நோட்டில் எழுதுங்கள்.

ஆறாம் படி: தமிழில் எழுதிப் பார்ப்பது

என் அனுபவத்தில் எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான், எல்லோரும் தாவிப்போகிற படியும் இதுதான். கட்டுரையை வாசித்து முடித்ததும் மூடிவைத்துவிட்டு, அதன் வாதத்தை ஐந்து தமிழ் வாக்கியத்தில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் புரிந்தது போல் இருந்த பல விஷயங்கள் இங்கே வந்து மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொள்ளும் இடம்தான் வாதத்தின் மையம்.

அங்கீகாரம் என்ற சொல்லையே பாருங்கள். தமிழில் அது அலுவலக முத்திரையின் சொல். அங்கீகரிக்கப்பட்ட பள்ளி, அங்கீகாரம் பெற்ற மனை. ஒரு தாய் குழந்தையை அங்கீகரிக்கிறாள் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் பழைய ஜெர்மன் தத்துவவாதி ஹெகலிடமிருந்து ஹொனெத் எடுத்து வளர்த்த ஜெர்மன் சொல்லுக்குள் அதுவும் அடக்கம். அவருடைய 1992 நூலில் அங்கீகாரத்துக்கு மூன்று வடிவம்: அன்பு, உரிமை, சமூக மதிப்பு. ஒவ்வொன்றும் மனிதருக்குத் தன்னோடு ஒரு உறவை உண்டாக்கித் தருகிறது. நேசிக்கப்பட்டவருக்குத் தன்னம்பிக்கை. உரிமை உள்ளவருக்குச் சுயமரியாதை. தன் பங்களிப்புக்காக மதிக்கப்பட்டவருக்குத் தன்மதிப்பு.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது பேனா நின்றுவிட்டது. சுயமரியாதை என்ற சொல்லைத் தமிழர்கள் 1925-லிருந்து ஓர் இயக்கத்தின் பெயராகவே வைத்துப் பழகியவர்கள். ஹொனெத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் நமக்கு இந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று யோசித்தால் ஒரு கேள்வி எழும். ஹொனெத்திடம் சுயமரியாதை பிறரும் சட்டமும் உரிமையுள்ளவராக நம்மை ஏற்பதிலிருந்து பிறக்கிறது. தமிழில் அந்தச் சொல்லின் ஓசையோ, பிறர் கொடுக்கும்வரை காத்திராமல் நாமே எடுத்துக்கொள்வது என்ற பக்கம் சாய்கிறது. தருகிறவர் கையில் இருக்கும் மரியாதை மரியாதையா? கனடாவின் பூர்வகுடிச் சிந்தனையாளர் கிளென் கூல்தார்ட் 2014-ல் காலனிய எதிர்ப்புச் சிந்தனையாளர் ஃபனானை வைத்துக் கேட்ட கேள்வி இதற்கு வெகு பக்கத்தில் நிற்கிறது. நிலத்தைப் பறித்த அரசே அங்கீகாரத்தையும் வழங்கும் இடத்தில் இருந்தால், அந்த அங்கீகாரம் பழைய ஆதிக்கத்தின் புதிய உருவம்தான் என்கிறார் அவர். ஐந்து வாக்கியம் தமிழில் எழுதப் போய் இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தேன்.

நோட்டில் ஒவ்வொரு கட்டுரைக்கும் அந்த ஐந்து வாக்கியத்துக்குக் கீழே இரண்டு குறிப்பு மட்டும் போதும். இது யாருக்கு எதிராக எழுதப்பட்டது? எந்தச் சொல் இங்கே அதிகப் பாரம் சுமக்கிறது?

ஏழாம் படி: வட்டத்துக்கு வெளியே காது கொடுப்பது

ஒரே சண்டையில் ஊறிப்போனால் இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கும் குருட்டுப் புள்ளி தெரியாது. அதற்கு வெளியே நிற்பவர்கள் வேண்டும். அமெரிக்கத் தத்துவவாதி ஏமி ஆலன் 2016-ல், ஹாபர்மாஸ், ஹொனெத், ஃப்ராங்க்ஃபர்ட்டின் ரெய்னர் ஃபோர்ஸ்ட் ஆகியோரின் அடித்தளத்தில் ஐரோப்பா முன்னேறி வந்த பாதை என்ற கதை எவ்வளவு ஆழமாக ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். கூல்தார்டை மேலே சொன்னேன்.

இந்தியாவிலிருந்து ஒன்று. அரசியல் சிந்தனையாளர் கோபால் குரு 2002 டிசம்பரில் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில், இந்தியச் சமூக அறிவியல் எவ்வளவு சமத்துவமானது என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். கோட்பாடு செய்கிறவர்கள் ஒரு பக்கம், அவர்களுக்குத் தரவாக இருக்கிறவர்கள் இன்னொரு பக்கம் என்று அறிவுலகமே வருணமாகப் பிரிந்திருக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. தத்துவவாதி சுந்தர் சருக்கை 2007-ல் அதே இதழில் அனுபவத்துக்கும் கோட்பாட்டுக்கும் என்ன உறவு என்று பதில் எழுதினார். விவாதம் 2012-ல் இருவர் பெயரிலும் நூலாயிற்று. பெயர் சொல்லி மோதி, மோதியவர்களே சேர்ந்து நூல் எழுதுவது என்ற முறையில் இது ஃப்ரேசர்–ஹொனெத் நூலுக்குத் தம்பி மாதிரி. அவமதிப்பு பற்றிய ஒரு கட்டுரைத் தொகுப்பையும் குரு 2009-ல் பதிப்பித்திருக்கிறார். ஹொனெத்தின் அருகில் வைத்து வாசிக்க அதைவிடப் பொருத்தமான துணை இல்லை.

இதழ்களுக்கு வெளியே நடப்பதையும் கவனியுங்கள், அளவோடு. 2023 நவம்பர் 13 அன்று, ஹாபர்மாஸ், ஃபோர்ஸ்ட், நிக்கோல் டைடல்ஹாஃப், க்ளாவுஸ் குந்தர் நால்வரும் காஸா போர் பற்றி வெளியிட்ட அறிக்கை, இஸ்ரேலின் செயலுக்கு இன அழிப்பு நோக்கம் கற்பிப்பதை எதிர்த்தது. அதற்குக் கடும் மறுப்புகள் வந்தன. பாலஸ்தீனத்துக்கு ஆதரவான தத்துவவாதிகளின் கடிதத்தில் கையெழுத்திட்டதற்காக, ஃப்ரேசருக்குக் கொடுத்திருந்த வருகைப் பேராசிரியர் அழைப்பை 2024 ஏப்ரலில் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகம் திரும்பப் பெற்றது. அந்த வாரங்களில் சமூக ஊடகத்தில் எழுதப்பட்டதில் பெரும்பகுதி மறந்துபோகும். ஆனால் எல்லோருக்கும் பொதுவான நெறி என்று பேசும் மரபு ஒன்று குறிப்பிட்ட ஒரு வரலாற்றுக்குள் எவ்வளவு கட்டுண்டது என்ற கேள்வி, ஆலன் 2016-ல் எழுப்பியதே, திரும்பவும் மேசைக்கு வந்துவிட்டது. அடுத்த சில வருட இதழ்களில் அதைத் தேடுங்கள்.

நேரக் கணக்கு

மாதத்தின் முதல் ஞாயிறு, அறிவிப்பு மெயில்களைத் திறந்து இரண்டே இரண்டு கட்டுரை தேர்ந்தெடுப்பேன். மற்றவற்றின் தலைப்பை மட்டும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவிட்டு மெயிலை அழித்துவிடுவேன். அடுத்த மூன்று வாரம் அந்த இரண்டு கட்டுரைதான். முதல் வாசிப்பில் முன்னுரையும் முடிவும் அடிக்குறிப்புகளும். இரண்டாவதில் முழுதும். வருடத்துக்கு இருபது கட்டுரை, ஒரு நூல் அல்லது இரண்டு. இன்னொருவர் கூட வாசித்தால் நல்லது, தொலைபேசியில் அரை மணி நேரம் சண்டை போட்டால் போதும்.

எப்போது ஒரு சண்டையை விடுவது? தேடலில் வரும் புதிய கட்டுரைகள் பழைய இரண்டு பக்கத்தையும் சுருக்கிச் சொல்லிவிட்டு, நடுவில் ஒரு பாதை இருக்கிறது என்று முடிக்க ஆரம்பித்தால், அந்தக் கேள்வி வேறெங்கோ குடிபோய்விட்டது என்று அர்த்தம். எங்கே போனது என்று அறிய, அந்தக் கட்டுரைகளின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். என் நோட்டில் அங்கீகாரச் சண்டையின் பக்கங்கள் இப்போது உழைப்பை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கின்றன. போன மாதம் புதுப் பக்கம் திருப்பி, மேலே 'வேலையிடத்தில் யாருக்குக் குரல்?' என்று எழுதி, கீழே இரண்டு பெயரைப் போட்டு நடுவே ஒரு கோடு கிழித்திருக்கிறேன்.